வெட்டிய வயரில் வந்த மரண அறிவித்தல்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியாராக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவேன், ஆனால் பாதிரியாரிடமே குறுக்குக் கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பேன். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், அது நமக்குத் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இதைப் படிக்கும்போது, கிழவனுக்குக் காது கெட்டுவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும். சம்பவம் நடந்தபோது எனக்கு வயது முப்பத்தாறு. காதும் சரியாக இருந்தது, புத்தியும் சரியாக இருந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ராசுவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பெரிய துரையின் கார் டிரைவர் அவன். மனைவி பார்வதி கொழுந்து பறித்தாள். ஒரே மகள் அமுதா, என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவள். எழுபத்து மூன்று, எழுபத்து நாலில் மலைநாட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பஞ்சத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. அரிசி இல்லை, மா இல்லை, காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்று ஜனம் வயிறு வீங்கிச் செத்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்க் கேதம் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். அந்த வருஷம் மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் ஏறி இறங்கப் பெரியவர்களுக்குத் தெம்பில்லை. தெம்பு இருந்தவர்கள் கிழங்கு தேடிப் போயிருந்தார்கள். அதனால் அந்த வேலை அமுதாவிடம் வந்து சேர்ந்தது. ஏழு வயதுப் பிள்ளை. கோதுமை மா மூட்டைத் துணியில் தாய் தைத்துப் போட்ட கவுன், முதுகில் அந்த மூட்டையின் சிவப்பு எழுத்து சலவையில் போகாமல் அப்படியே இருக்கும். வீட்டுக்குள் வரமாட்டாள். வாசலில் நின்று, "செல்லாயி அம்மாயி போயிருச்சாம், எல்லாருக்கும் சொல்லிருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் காம்பராவுக்கு ஓடுவாள். பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் வந்து சொல்வாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து சிலேட்டை எடுப்பாள்.

அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்த அன்றைக்கு, துரையின் மனைவியை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக ராசுவுக்கு உத்தரவு. போகிற வழியில் ஆஸ்பத்திரியில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகலாமா என்று கேட்டான். "பின் சீட் அழுக்காகிவிடும்" என்று அந்த அம்மாள் சொன்னாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம், மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னாராம். கிளப்புக்கு வெளியே ராசு காரில் காத்திருந்தான். காரின் ரேடியோவை நிறுத்த அவனுக்கு அனுமதி இல்லை, துரைசானி வந்து உட்காரும்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திரும்பி வரும்போது அமுதா முடிந்துவிட்டாள்.

அவள் செத்ததைச் சொல்ல ஆள் இல்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வகுப்பில் அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக்கோ கேதம் சொல்லப் போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை மூட்டை கட்டினார். பழைய இங்கிலீஷ் காரை விற்றுவிட்டுப் போனார். அதை வாங்கியவன் ராசு. அந்தக் காரைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பார்வதியின் தோடும் மூக்குத்தியும் அதில் போயின. "அந்தப் பின் சீட்டு எனக்கு வேணும் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னான். பிறகு அட்டன் ஸ்டாண்டில் வாடகைக்கு ஹயர் ஓடினான்.

எழுபத்தேழுக்குப் பிறகு ஜப்பான் சாமான்கள் கடைகளில் வந்து குவிந்தன. கேசட் இல்லாத காரைக் கல்யாணத்துக்கு யாரும் பிடிக்கவில்லை. எழுபத்தொன்பதில் ராசு ஒரு செட் வாங்கினான், கேசட் மட்டும் பாடும், ரேடியோ கிடையாது. ரேடியோவோடு சேர்ந்ததே கடையில் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பூட்டுவதற்கு டவுனிலிருந்து மெக்கானிக் பியசேன பாஸ் வந்தார். ரேடியோ வேலை, கார் வயரிங் வேலை இரண்டும் தெரிந்தவர். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் பாடியோடு முடுக்கியிருப்பார்கள். ஜப்பான் செட்டின் வெளித்தகடோ மைனஸ். யோசிக்காமல் டேஷ்போர்டில் முடுக்கினால் தகடும் பாடியும் தொட்டு, செட் புகைந்துவிடும், வயரும் தீப்பிடிக்கலாம். நான் ஒரு சஞ்சிகையில் படித்திருந்ததால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பாஸ், பிளஸ்ஸு மைனஸ்ஸு பாத்துக்கிட்டீங்களா?"

"பள்ளிக்கூடத்துல பிளஸ்ஸு மைனஸ்ஸு சொல்லிக்குடுக்கிறது பத்தாதுன்னு இங்கயுமா மாஸ்டர்?" என்று ராசு சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில் அபூர்வம்.

"ஹரி ஹரி, மாஸ்டர் மாத்தயா சொல்றது சரிதான்" என்றார் பாஸ், சிங்களமும் தமிழும் கலந்து. "நான் காரயே மாத்துறது."

சொன்னபடி செய்தார். முதலில் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றினார். பேட்டரியைத் திருப்பி வைத்து மைனஸ்ஸை பாடிக்குக் கொடுத்தார். காயிலின் வயர்களை இடம் மாற்றினார். டைனமோவில் ஒரு துண்டு வயரைச் சுருக்கென்று தொட்டு எடுத்தார், ஒரு பொறி பறந்தது, அது புது வாட்டத்துக்கு வந்துவிட்டது என்றார். செட்டுக்குப் போகிற வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்தார். பின் சீட்டுக்கு மேலே புது ஸ்பீக்கர் இரண்டு. பழைய வால்வு ரேடியோவைக் கழற்றி ராசுவிடம் நீட்டினார்.

"நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க பாஸ். உடைச்சுக் கிடைச்சுப் போட்டாலும் சரி. என் கண்ணுல படக் கூடாது."

டேஷ்போர்டின் நடுவில் இருந்த பழைய ஸ்பீக்கர் மட்டும் மிஞ்சியது. ஆணிகள் துருப்பிடித்துப் போயிருந்தன, கழற்ற வரவில்லை. "முன்னாடி ஓட்டையா இருந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னா நெனைப்பாங்க, அது கெடந்துட்டுப் போகட்டும்" என்றான் ராசு. பாஸ் அதன் வயர் இரண்டையும் வெட்டி, முனைகளில் டேப் சுற்றி உள்ளே தள்ளினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அக்கரப்பத்தனையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணை இறக்கிவிட்டு நானும் ராசுவும் திரும்பிக்கொண்டிருந்தோம். வெளிச்சம் முழுதும் போகவில்லை, ஆனால் பனிமூட்டம் இறங்கிவிட்டது. கேசட் ஒரு பக்கம் பாடி முடித்து நின்றது. திருப்பிப் போட ராசு கையை நீட்டினான். அப்போது முன்னாலிருந்து ஒரு குரல்:

"மரண அறிவித்தல்."

வானொலியில் சாயந்தரத்தில் வாசிப்பார்களே, அதே நிதானமான குரல். அந்த அறிவித்தலை லயங்களில் எல்லாரும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற அதிபர், கொழும்பு வர்த்தகர், மட்டக்களப்பு நிலக்காரப் போடியார் என்று பெயர் வரும். தெரியாதவர்களுக்காகவும் நம் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். தோட்டத்து ஆளின் பெயர் அதில் வந்து நான் கேட்டதேயில்லை. அதற்குப் பணம் கட்ட வேண்டும், யார் கட்டுவது.

அந்தக் குரல் வாசித்தது: "டயகம, மேல் பிரிவு, பணிய லயத்தைச் சேர்ந்த திருமதி செல்லாயி கறுப்பன் காலமானார். அன்னார் காலஞ்சென்ற கறுப்பனின் அன்பு மனைவியும், ராமாயி, சின்னையா ஆகியோரின் பாசமிகு தாயாருமாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: அமுதா."

ராசு காரை நிறுத்தினான். பக்கத்து லயத்தில் ரேடியோ பாடுகிறது என்று நினைத்து நான் இறங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தேயிலை, ஒரு லயம் கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்கார வீரமலை. கிழங்கு தோண்டப் போன இடத்தில் விழுந்து செத்தவர், அவர் அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அதுவும் "தகவல்: அமுதா" என்றுதான் முடிந்தது. ராசு உள்ளங்கையை எடுத்து டேஷ்போர்டின் அந்தப் பழைய ஸ்பீக்கரின் சல்லடைமேல் வைத்து மூடினான், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல.

மறுநாள் சாயந்தரம் லயத்து முன்னால் கார் நின்றபோது அதே நேரத்துக்குக் குரல் வந்தது. நான் காரணம் தேடுகிற ஆள் இல்லையா, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தேன். வெட்டிய வயர் டேப்போடு அப்படியே தொங்கியது. கேசட் செட்டிலிருந்து ஏதோ ஒழுகுகிறது என்று ஃபியூஸைப் பிடுங்கினேன். குரல் நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றினேன். குரல் ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை. அந்தப் பள்ளத்தில் நல்ல ரேடியோவுக்கே ஸ்டேஷன் ஒழுங்காக எடுக்காது, இரைச்சல்தான் வரும். இதில் இரைச்சலே இல்லை.

அப்போது பார்வதி மலையிலிருந்து வந்தாள், முதுகில் கூடையோடு. நின்று கேட்டாள். "தகவல்: அமுதா" என்றதும் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். கார்க் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மழையில் நனைந்த படங்குச் சாக்கு இடுப்பில், காலெல்லாம் சேறு.

"சீட்டு அழுக்காகுது பார்வதி" என்று ராசு வாய் தவறிச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆகட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயந்தரம் அவள் அந்தச் சீட்டில்தான். ராசு ஹயர் போக முடியாது. குறடு எடுத்துக்கொண்டு வந்து ஸ்பீக்கரைப் பெயர்த்தெடுப்பேன் என்று நிற்பான், அவள் இறங்கமாட்டாள்.

"எல்லாத்தையும் வாசிக்கிறாங்க, எம்புள்ள பேரையும் வாசிக்கட்டும். அது காதுல விழுந்தாப் போதும். அப்பறம் நீ புடுங்கிக் கெடாசு."

"வாசிச்சா வந்துருவாளாடி?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மனுசப் பொறவின்னு அவ பேர ஒரு எடத்துல சொல்லணும். அண்ணே, நீங்களே சொல்லுங்க, நான் கேக்குறது தப்பா?"

தப்பில்லை என்றேன்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை. குரல் வாசித்தது செத்த வரிசைப்படி. யாருக்குப் பிறகு யார் போனார்கள் என்பது எனக்கு நினைவிருந்தது, இப்படிப்பட்டவற்றை நினைவில் வைத்துக்கொள்கிற பழக்கம் என்னோடு பிறந்தது. அமுதாவுக்கு முன்னால் போனது சுப்பன் கங்காணியின் தாயார். பின்னால் போனது இஸ்தோர் லயத்து மூக்கன். கங்காணியின் தாயார் பெயர் வந்த அன்றைக்குப் பார்வதியிடம், நாளைக்கு என்று மட்டும் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் அரை நாள் சம்பளம் போதும் என்று அரைப் பேரோடு வேலையை விட்டுவிட்டு வந்து தலைக்குக் குளித்தாள். கூறைச் சேலையை எடுத்துக் கட்டினாள். ராசுவும் சட்டை மாற்றிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றான், அன்றைக்கு அவன் கையில் குறடு இல்லை. குரல் வந்தது. "மரண அறிவித்தல்." பிறகு ஓர் இடைவெளி. அதற்கு முன்னால் அந்தக் குரல் அப்படி நின்றதில்லை. தாளைப் புரட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது என்று ராசு சொல்வான், எனக்குக் கேட்கவில்லை. பிறகு வாசித்தது: "டயகம, இஸ்தோர் லயத்தைச் சேர்ந்த மூக்கன் பெரியாண்டி காலமானார்."

தாண்டிப் போய்விட்டது.

மூக்கன் செத்தபோது அமுதா மண்ணுக்குள் போயிருந்தாள். அந்த அறிவித்தலும் "தகவல்: அமுதா" என்றே முடிந்தது. பிறகு குரல் நின்றது. மறுநாளும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

பெயர் தாண்டிப்போன அன்றைக்குப் பார்வதி அழவில்லை. யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எல்லாஞ் சாவுக்கும் அவதான் போயிச் சொன்னா. அவ சாவ யாரு போயிச் சொன்னது? சொல்லாத சாவ எப்புடி வாசிப்பாங்க?"

அடுத்த நாள் விடிந்ததும் ராசு ஒரு காரியம் செய்தான். வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால் மேட்டு லயத்தில் தொடங்கி ஒவ்வொரு காம்பரா வாசலிலும் போய் நின்றான். தலையில் துண்டு இல்லை, காலில் செருப்பு இல்லை. "எம்மக அமுதா போயிருச்சுங்க. எல்லாருக்கும் சொல்லிருங்க." பஞ்சம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சிலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சிலர், "காலங்காத்தால போட்டுட்டானா" என்று சிரித்தார்கள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயா, வேலை நேரத்தில் ஆட்களைக் கலைக்கிறான் என்று ஆபீசுக்கு எழுதிப் போட்டார். பள்ளிக்கூட வாசலுக்கும் வந்தான். அமுதா நின்ற அதே இடத்தில் நின்று அதையே சொன்னான். நான் எழுந்து நின்றேன், பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

அன்றைக்குச் சாயந்தரம் மூன்று பேரும் காரில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

எண்பத்திரண்டில், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, அவர்களுக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்தது. பார்வதி போகமாட்டேன் என்றாள், பெயர் வாசிக்காமல் பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள். இங்கே இருக்க அவளுக்குக் குடியுரிமைக் காகிதம் இல்லை. காரை விற்பதற்கு முன் ராசு அந்த ஸ்பீக்கரை டேஷ்போர்டோடு வெட்டி எடுத்தான், அவள் அதைக் கூறைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பியபோது மற்ற ஜன்னல்களில் எல்லாரும் ஒப்பாரி வைத்தார்கள். அவள் அந்த மூட்டையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

எண்பத்தேழில் வேளாங்கண்ணிக்குப் போன நான், அப்படியே அவர்களைக் குடியேற்றியிருந்த கோத்தகிரிக்குப் போய் ராசுவைத் தேடினேன். அங்கேயும் தேயிலைதான், லயம் மாதிரியே வீடுகள்தான், தாய் நாட்டுக்குத் திரும்பி வந்தவர்களைச் சிலோன்காரர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். வீட்டைக் கண்டுபிடித்தபோது பார்வதி போய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ராசு மெலிந்துபோய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆணியில் அந்த ஸ்பீக்கர் தொங்கியது.

"இங்க வந்து ஒரு வார்த்த பேசல மாஸ்டர்" என்றான்.

தேத்தண்ணீர் கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண் உள்ளூர்க்காரி. சிலோனைக் கண்டதில்லை, இவர்கள் கதையும் தெரியாது. சாவு எப்படி நடந்தது என்று அவளிடம் கேட்டேன்.

"விடியக்காலம் போயிருக்காங்க. அண்ணன் பெரமை புடிச்ச மாதிரி பக்கத்துலயே ஒக்காந்துட்டாரு, வெளிய வரவேயில்ல. அந்தப் பொண்ணு வந்து சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

"எந்தப் பொண்ணு?"

"இவங்க வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் புள்ளையோ என்னமோ. ஏழு வயசு இருக்கும். உள்ள வான்னா வரல. வாசல்லயே நின்னு, அம்மா போயிருச்சு, எல்லாருக்கும் சொல்லிருங்கன்னுட்டு ஓடிருச்சு. எல்லா வீட்டுக்கும் போயிருக்கு. இந்தக் குளுருல ஒரு கோணித்துணி மாதிரி கவுனு. முதுகுல என்னமோ செவப்பா எழுதியிருந்துச்சு."

நான் ராசுவைப் பார்த்தேன். அவன் இதை முன்பே பலமுறை கேட்டிருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எல்லா வீட்டுக்கும் போயிருக்கா மாஸ்டர். எங்கிட்ட மட்டும் வரல."

இன்றைக்கும் என் வீட்டில் ரேடியோ இருக்கிறது. சாயந்தரம் மரண அறிவித்தலையும் கேட்கிறேன், பழக்கம் விடவில்லை. "ஏற்றுக்கொள்ளவும்" என்று அறிவிப்பாளர் சொல்லும் வரை கேட்பேன். "தகவல்" என்ற அடுத்த சொல் வருவதற்குள் அணைத்துவிடுவேன்.